ப்ளக்கைப் பிடுங்க மனசில்லாதவர்கள்

கரண்ட் இல்லாமல் சாகிற பேட்டரியைவிட, கரண்ட்டிலேயே கிடந்து சாகிற பேட்டரிதான் அதிகம் என்பது இந்தத் தொழிலுக்கு வந்ததும் நான் தெரிந்துகொண்ட முதல் விஷயம். அதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்பது இரண்டாவது.

என் பெயர் மல்லிகா. வீடு காட்டூரில். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் டிஸ்டில்டு வாட்டர் கேனை வைத்துக்கொண்டு, காலை அகட்டி ஓட்டிப் போகிற ஒரு பொம்பளையை நீங்கள் தஞ்சாவூர் ரோட்டில் பார்த்திருந்தால் அது நான்தான். திருச்சியைச் சுற்றியுள்ள ட்ரெய்லர்களுக்கு பேட்டரி பார்ப்பது என் வேலை. ட்ரெய்லர் என்றால் இரும்புக் கம்பி ஏற்றிப் போகிற லாரி இல்லை. சக்கரம் வைத்த சின்ன வீடு மாதிரி, ஜீப்பில் மாட்டி இழுத்துப் போவது. அதில் பிரியாணி விற்கிறார்கள், கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடுகிறார்கள், யாத்திரை போகிறார்கள். ஆனால் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். நிற்கும்போது பக்கத்து வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ ஒரு வயரை இழுத்து ப்ளக்கில் சொருகிவிட்டு, இனிமேல் பேட்டரி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று போய்விடுவார்கள்.

நீங்களும் வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பீர்கள். கடைசியாக அதற்கு எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டால் தலையைச் சொறிவீர்கள். கவலைப்படாதீர்கள், நாமெல்லாம் ஒரே கட்சிதான்.

சிவப்பு லைட்

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் வரதராஜன் மாமா என்று ஒருவர். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவர் வீட்டுக்காரம்மா கோமளம் மாமி. மாமிக்கு முட்டி வலி, சர்க்கரை, தினமும் இன்சுலின். போதாததற்கு வெளியே சமைத்த எதையும் வாயில் வைக்க மாட்டார். இப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு கோயில் குளம் போக வேண்டுமென்றால் அடுப்பும், உட்கார்ந்து போகிற டாய்லெட்டும், மருந்து வைக்க ஃப்ரிட்ஜும் கூடவே வர வேண்டும். அதற்காகத்தான் மாமா ஒரு ட்ரெய்லர் வாங்கி, வீட்டை ஒட்டி ஷெட் போட்டு நிறுத்தினார். சமையலறை ஜன்னல் வழியாக வயரை இழுத்து ப்ளக்கில் போட்டார். அத்தோடு சரி. ட்ரெய்லர் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

உள்ளே புளிச்ச வாடை அடிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். படுக்கைக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி சூடு. பழைய சார்ஜர், நிறுத்தத் தெரியாதது. பேட்டரி நிரம்பிய பிறகும் ஏற்றிக்கொண்டே இருந்ததில் உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் வற்றி, தகடு வெளியே தெரிந்தது. புது பேட்டரி போட வேண்டும், நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொள்கிற சார்ஜர் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். மாமா உள்ளே போய்விட்டார்.

மோர் கொண்டுவந்து கொடுத்த மாமிதான் விஷயத்தைச் சொன்னார். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. இடது கண் மங்கிவிட்டது, வலது கண்ணும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பார்வை இருக்கறச்சே நவதிருப்பதி ஒம்பது பெருமாளையும் சேவிச்சுடணும் மல்லிகா. அதுக்குத்தான் இந்த வண்டி. நீ எப்படியாவது கிளப்பி விட்டுடு" என்றார். வண்டியைக் கிளப்புவது என் வேலை இல்லை, பேட்டரிக்கு மட்டும்தான் நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கலாம். சரி என்று தலையாட்டினேன்.

மாமா திரும்பி வந்தார். இறந்துபோன பேட்டரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு மனசே ஆறவில்லை.

"தினம் மூணு வேளை வந்து பார்க்கறேனே, சார்ஜர்ல சிவப்பு லைட் எரிஞ்சுண்டேதானே இருந்தது! லைட் எரியறச்சே அது எப்படிம்மா சாகும்?"

தம் பிரியாணியும் சூடான ப்ளக்கும்

திருவெறும்பூரில் ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களை நம்பி சாதிக் பாய் ஒரு பிரியாணி ட்ரெய்லர் வைத்திருக்கிறார். பகல் முழுக்கப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ப்ளக் போட்டிருப்பார். சாயங்காலம் கடை மூடும்போது வயரைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் விளக்கும் விசிறியும் பேட்டரியில் ஓட வேண்டும். வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் விளக்கு மங்கி, லெக் பீஸ் எது எலும்பு எது என்று தெரியாமல் ஜனங்கள் தட்டைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நான் போனேன். தண்ணீர் சரியாக இருந்தது. முனையில் பூத்திருந்த பச்சைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலைன் தடவினேன். பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் சார்ஜ் எவ்வளவு என்று ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தேன். எல்லாம் சார்ஜ் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் எதுவும் கெட்டுப்போகவில்லை. மறுபடி போனேன், மறுபடியும் அதேதான். கடைசியில் எனக்குக் கோபம் வந்து, பேட்டரிக்கு வயசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பாயே போன் செய்தார். வயரைக் கழற்றும்போது ப்ளக் கையைச் சுட்டிருக்கிறது. சுவரில் இருந்த சாக்கெட் உள்ளே தளர்ந்து கருகிப்போய், கரண்ட் விட்டு விட்டு வந்துகொண்டிருந்திருக்கிறது. என்னோடு வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன் முருகேசன் போய் சாக்கெட்டை மாற்றினான். அன்றைக்கே விளக்கு பளிச்சென்று எரிந்தது. நான் பேட்டரி மாற்றச் சொன்னதை எல்லாரும் மறந்துவிட்டார்கள், பாயைத் தவிர.

"தம் போட்டா நான் மூடியைத் தொட்டுத்தாம்மா பாக்குறேன், சட்டிக்குள்ள தலையை விட்டா பாக்குறேன்? நீங்க பேட்டரியையே பாத்துக்கிட்டு இருந்தீங்க, ப்ளக்கை ஒரு தடவை தொட்டுப் பாத்தீங்களா?"

ஆறு நாமம்

ஸ்ரீரங்கத்தில் புது பேட்டரி வந்தது, புது சார்ஜர் வந்தது. ஆயுத பூஜை முடிந்ததும் கிளம்புவதாகப் பேச்சு. வண்டியைக் கழுவி, மாவிலை கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாமா அமர்க்களப்படுத்தியிருந்தார்.

பேட்டரியின் தலையில் ஆறு மூடி இருக்கும். ஒவ்வொரு மூடியிலும் பொடி ஓட்டை இருக்கும். சார்ஜ் ஏறும்போது உள்ளே உண்டாகிற வாயு அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மற்ற வீடுகளில் அதன்மேல் சந்தனப் பொட்டு வைப்பார்கள், நான் போய்த் துடைத்துவிட்டு வருவேன். ஸ்ரீரங்கத்தில் பொட்டோடு விடுவார்களா? மாமா திருமண்ணைக் குழைத்து, ஆறு மூடிக்கும் அழகாக நாமம் சாத்தி, நடுவில் ஸ்ரீசூர்ணமும் இட்டுவிட்டார். திருமண் காய்ந்து சிமெண்ட் பூசின மாதிரி ஓட்டையை அடைத்துக்கொண்டது. ப்ளக் வேறு போட்டிருந்தது.

நான் போய் இறங்கி, மாமா கற்பூரம் ஏற்றுவதற்குள், நல்லவேளை ஏற்றுவதற்குள், ஒரு மூடி டப்பென்று கழன்று எகிறி மேல்கூரையில் பட்டு விழுந்தது. யாருக்கும் அடியில்லை. மேலே நாலு சொட்டு ஆசிட் தெறித்ததை மாமா ஏதோ தீர்த்தம் என்று துடைத்துக்கொண்டார். அடுத்த நாள், பூஜைக்குக் கட்டியிருந்த பட்டு வேஷ்டியை அலசி உதறினபோதுதான் அதில் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் தெரிந்திருக்கிறது. வாயு தேங்கியிருந்த இடத்தில் நெருப்பைக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சத்தம் போட்டேன். மாமிதான் ஈரத்துணியால் ஒவ்வொரு நாமமாகப் பக்குவமாக ஒத்தி எடுத்துக்கொண்டே சொன்னார்.

"நெத்தியில சாத்த வேண்டியதை மூக்குல சாத்தினா யாருக்குத்தான் மூச்சு முட்டாது? நன்னா இருக்குன்னா உங்க பக்தி!"

பாதி மேக்கப்

மாமா, மாமியின் யாத்திரை தள்ளிப்போனதற்கு ஓட்டை விழுந்த வேஷ்டி மட்டும் காரணமில்லை. ராஜா என்கிறவரின் மேக்கப் வண்டியும் ஒரு காரணம். கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்தி, உள்ளே கண்ணாடி, ஏசி, சுற்றிலும் பல்பு என்று பெண்ணை அலங்கரிக்கிற ட்ரெய்லர் அது. மண்டபத்து கரண்ட்டில் ஓடும். கரண்ட் போனால் பேட்டரியில் விளக்காவது எரிய வேண்டும்.

ஒரு முகூர்த்தத்தன்று காலையில் கரண்ட் போனது. மண்டபத்து ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றுவிட்டது. வண்டிக்குள் கும்மிருட்டு. ராஜா போனில் கதறியதைக் கேட்டு நானும் முருகேசனும் ஓடினோம். பேட்டரியில் உயிரே இல்லை. பக்கத்தில் பேட்டரியைத் துண்டிக்கிற மெயின் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தது. என்னய்யா இது என்று கேட்டால், "வெளியில இருந்துதான் கரண்ட் வருதே, இதுக்கு ரெஸ்ட் குடுப்போம்னு மாசக்கணக்கா ஆஃப் பண்ணி வெச்சிருக்கேங்க" என்றார். ஸ்விட்சை ஆஃப் செய்தால் சார்ஜும் உள்ளே போகாது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வெளிக் கரண்ட்டில் பல்பெல்லாம் எரிந்ததால் சந்தேகமும் வரவில்லை.

ஜீப்பைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, கேபிள் மாட்டி விளக்கை எரிய வைத்தோம். அதுவரை கல்யாணப் பெண் செல்போன் வெளிச்சத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேளம் கொட்டுகிறது, மேக்கப் போடுகிற பெண் அழுகிறாள், இவள் மட்டும் கண்ணாடியைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"அக்கா, எனக்கு ஒரு கண்ணுக்குத்தான் மை போட்டிருக்கு, இப்படியே போனா மாப்பிள்ளை எந்தப் பக்கம் உக்காருவாருன்னு யாராவது கேட்டு வந்து சொல்றீங்களா?"

பிடுங்க மாட்டேன்

இந்தக் கதையை முருகேசன் சிரிக்கச் சிரிக்க வரதராஜன் மாமாவிடம் சொல்லித் தொலைத்துவிட்டான். மாமா சிரிக்கவில்லை. அவருக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: வெளிக் கரண்ட் போனது, பேட்டரி கைவிட்டது.

நான் ஒரு வழி சொன்னேன். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பகலும் ஒரு இரவும் ஃப்ரிட்ஜை பேட்டரியில் மட்டும் ஓட விடுங்கள். காலையில் மருந்து ஜில்லென்று இருந்தால் வண்டி கிளம்பத் தயார் என்று அர்த்தம். போகிற வழியில் ஜீப் ஓடும்போதே கொஞ்சம் சார்ஜ் ஏறிக்கொள்ளும், பயமே வேண்டாம். மாமா தலையாட்டினார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். பேட்டரியில் சார்ஜ் நிறைந்து வழிந்தது. ராத்திரி முழுக்க வேலை செய்த பேட்டரி இவ்வளவு தெம்பாக இருக்காதே! சாதிக் பாய் சொன்னது ஞாபகம் வந்து, கழற்றி வைத்திருந்த ப்ளக்கைத் தொட்டுப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது. ராத்திரியே சொருகிவிட்டு, நான் வருவதற்குச் சற்று முன்னால் பிடுங்கி வைத்திருக்கிறார்.

சரி, போகட்டும் என்று இன்னொரு நாள் வைத்துக்கொண்டோம். மறுபடியும் சூடான ப்ளக். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மாமியின் கண் காத்துக்கொண்டிருக்காது மாமா, என்ன விளையாட்டு இது என்று பெரியவர் என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன். அவர் ஷெட் கதவைச் சாத்திவிட்டு, மாமிக்குக் கேட்காத குரலில் சொன்னார். முன்னொரு தரம் பஸ்ஸில் கோயிலுக்குப் போயிருந்தபோது, பஸ் வழியில் நின்று, ஃபிளாஸ்க்கில் இருந்த ஐஸ் கரைந்து, வெயிலில் மருந்து கெட்டுப்போயிருக்கிறது. அது தெரியாமல் மாமிக்கு அதையே ஊசி போட்டிருக்கிறார். மாமியை நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"உனக்கு அது பேட்டரிம்மா, எனக்கு அது அவளோட உயிர். அவளைக் கூட்டிண்டு போகாட்டாலும் பாவம், போனாலும் பயம். நான் என் கையால அந்த ப்ளக்கைப் பிடுங்க மாட்டேன், என்னை விட்டுடு."

காணாமல் போன வயர்

நான் விட்டுவிட்டேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதோடு என் வேலை முடிந்தது என்று இருந்தேன். நடுவில் மாமி கண்ணாஸ்பத்திரிக்குப் போய் வந்ததாகவும், வலது கண்ணிலும் ஓரத்தில் மறைக்க ஆரம்பித்துவிட்டதாகவும் முருகேசன் சொன்னான். காந்தி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது மாமாவிடமிருந்து போன். மூச்சு வாங்கியது. ஷெட்டில் இருந்த வயரை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்களாம். கண்ணாஸ்பத்திரி அலைச்சலில் அவரும் இரண்டு நாளாக ஷெட் பக்கம் போகவில்லையாம். ட்ரெய்லர் ஃப்ரிட்ஜில்தான் மாமியின் மருந்து இருக்கிறது, உடனே வேறு வயரோடு வா என்றார். வாங்கின கத்திரிக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு, முருகேசனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே மாமி எதுவும் நடக்காத மாதிரி தளிகை பண்ணிக்கொண்டிருந்தார். நான் ட்ரெய்லருக்குள் ஏறினேன். ஃப்ரிட்ஜ் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. பேட்டரியைப் பார்த்தேன். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. எப்போதிலிருந்து வயர் இல்லை என்று கேட்டேன். மாமாவுக்குத் தெரியவில்லை. "நேத்திக்குக் கார்த்தால காபி போட்டதுலேர்ந்து" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

மாமி கரண்டியை வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்துக் குப்பியை எடுத்தார். மாமாவின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து, அவர் விரல்களை மூடினார். ஜில்லென்று இருக்கிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. முருகேசன் கொண்டுவந்த புது வயரை நீட்டினான். மாமி அதைக் கையால் தள்ளினார்.

"திருடனும் இல்லை ஒண்ணும் இல்லை, வயர் அரிசி டின்னுக்குள்ள இருக்கு. ஒம்பது பெருமாளையும் சேவிச்சுட்டு வந்தப்புறம் நானே எடுத்துத் தரேன், அதுவரைக்கும் அந்த டின்னை யாரும் தொடப்படாது!"

வாசலில் நின்றவர்

கிளம்பினார்கள். முருகேசனின் மச்சான் ஜீப் ஓட்டினான். மாமா வழியெல்லாம் எனக்குப் போன் செய்தார். மதுரை தாண்டினதும் செய்தார். டீ குடிக்க நிறுத்தினபோதும் செய்தார். பேட்டரி மீட்டரில் பச்சை தெரிகிறது, இருந்தாலும் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். நல்லதாகவே நினைக்கிறேன் மாமா என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். இரண்டு கோயில் முடிந்தது, ஐந்து முடிந்தது என்று செய்தி வந்தபடி இருந்தது. மருந்து ஜில்லென்றே இருந்தது.

கடைசிக் கோயில் வாசலிலிருந்து ஒரு போன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் நல்ல மனுஷனாம், ப்ளக் பாயிண்ட் தருகிறேன் என்கிறாராம். கோயிலுக்குள் போய்விட்டு வருகிற நேரத்துக்குப் போட்டு வைக்கலாமா, அங்கேயே ஒரு வயரும் கிடைக்கிறது, அரிசி டின்னைத் தொட்ட பாவம் வராது என்று மாமா குஷியாகக் கேட்டார். போட்டால் தப்பே இல்லை. ப்ளக் போடுவது குற்றம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, பிடுங்கவே மாட்டேன் என்பதுதான் வியாதி. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் போன் கை மாறிவிட்டது. பின்னால் மணிச் சத்தம் கேட்டது.

"மல்லிகா, இந்தப் பிராமணன் ப்ளக்கைத் தேடிண்டு வாசல்லேயே நிக்கறார், உள்ளே திரை விலக்கியாச்சு. எனக்கு இன்னிக்கு நன்னாத் தெரியறது, நான் முன்னாடி போறேன், நீ அவரை வரச் சொல்லு."

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு என்னைக் கூப்பிட்டால் போதும், ப்ளக்கைப் பிடுங்குவதற்கு மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாமி இருந்தாக வேண்டும்.